கொல்லையில காடு மாதிரி பூந்தோட்டம் போடணுமா? முதல்ல பின்னாடி இருக்குற வயலைப் பாருங்க

நர்சரிக்குப் போனா கை சும்மா இருக்காது. முதல் வருஷம் நான் சிவப்புல ரெண்டு, மஞ்சள்ல ரெண்டு, ரோஸ்ல ஒண்ணுன்னு அள்ளிட்டு வந்து நட்டு வச்சேன், எங்க அத்தை வந்து பாத்துட்டு "என்னம்மா, கொல்லையில வளையல் கடை போட்டிருக்கியா"ன்னு கேட்டாங்க.

அதனால செடி வாங்குறதுக்கு முன்னாடி வேலிக்கிட்ட போய் நின்னு அந்தாண்ட என்ன தெரியுதுன்னு பாருங்க. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் நிறைய வீட்டுக்குப் பின்னாடி வயல்தான். சம்பா நட்டா மாசக்கணக்குல பச்சை, தை நெருங்க நெருங்க பொன்னிறம், அறுத்தப்புறம் வெறும் தாள். அதுவும் உங்க தோட்டத்துக் கலர்தான். பச்சைக்கு முன்னாடி சிவப்பு இட்லிப்பூவும் கனகாம்பரமும் எடுப்பா நிக்கும். கதிர் பழுக்குற நேரம் பாத்து ஊதா டிசம்பர் பூ பூக்கும் பாருங்க, மார்கழிக் காலையில அந்த மஞ்சளுக்கு முன்னாடி ஊதா, சும்மா அள்ளும்.

மொத்தம் மூணு கலர் போதும், நடுநடுல வெள்ளை. நம்ம உச்சி வெயிலுக்கு வெளிர் ரோஸ் எல்லாம் கண்ணுக்கே தெரியாது, ஆனா நந்தியாவட்டை வெளக்கு வைக்கிற நேரத்துல தனியா தெரியும், அதை உக்காந்து பேசுற இடத்துக்குப் பக்கத்துல வைங்க.

அடர்த்தியா தெரியணும்னா ஒண்ணு ஒண்ணா நடாதீங்க, ஒரே செடிய அஞ்சு ஏழுன்னு கும்பலா நட்டு, அதே கும்பல் கொஞ்சம் தள்ளி இன்னொரு தடவை வரணும், வரிசை மட்டும் கூடாது. நியூயார்க்ல ஹை லைன் பூங்காவுக்கு செடி தேர்ந்தெடுத்த பியட் ஔடோல்ஃப் பூவை விட செடியோட உருவத்தைத்தான் முதல்ல பாப்பாராம், காய்ஞ்ச விதைத்தலை கூட அவருக்கு அழகுதான். நமக்கு அந்த வேலைக்கு வெட்டிவேர் இருக்கு, காத்துல சாயுற அழகே தனி.

மண்ணு விஷயம்தான் முக்கியம். களிமண்ணு, ஐப்பசி அடைமழையில தண்ணி நின்னா கனகாம்பரம் வேரழுகிப் போயிடும், எனக்கு ஒரு பாத்தியே போச்சு. அரை அடி மேடு கட்டி மக்குன எரு நல்லா கலந்துக்குங்க. கிணத்தடி தண்ணி ஓடுற பள்ளத்துல கல்வாழையும் சேம்பும் போடுங்க, அதுங்களுக்கு அதுதான் சொர்க்கம். நடுறதை ஆடியிலயே முடிச்சிடுங்க, மழைக்கு முன்னாடி வேர் பிடிச்சிடும்.

வாடாமல்லி காஞ்சா உடனே பிடுங்காதீங்க, விதை தானா கொட்டி கண்ட இடத்துல மொளைக்கும், நடக்குற வழியில வந்ததை மட்டும் எடுத்துட்டு மிச்சத்தை விட்டுடுங்க.