சுண்ணாம்புச் சுவர் வீட்டில் ஜிஐ பைப்பை மாற்றுவது எப்படி?

காலையில் குழாயைத் திறந்ததும் கொஞ்ச நேரம் செம்மண் நிறத்தில் தண்ணீர் வருகிறதா? ஜிஐ என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு பைப். அதன் உள்ளே அந்தப் பூச்சு போய் இரும்பு துருப்பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

உடனே எல்லாவற்றையும் பிடுங்க வேண்டாம். ஒரு குழாயில் மட்டும் தண்ணீர் மெதுவாக வந்தால் அந்தக் குழாயின் வாஷரையும் அடைப்பையும் பாருங்கள். எல்லாவற்றிலும் மெதுவாக வந்தால் டேங்கின் கேட் வால்வைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் லைன்தான் போயிருக்கிறது. அறுத்துப் பார்த்தால் முக்கால் இன்ச் பைப்புக்குள் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும்.

அறுக்கும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதை மட்டும் தவிர்க்காதீர்கள். பழைய வீடுகள் சிலவற்றில் எர்த் கம்பியைத் தண்ணீர் பைப்பிலேயே கட்டியிருப்பார்கள். பைப் போனால் எர்த்தும் போய்விடும். தனி எர்த் போட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்து, சுவரைக் கொத்தாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தினால் கை வைத்த இடத்தைத் தாண்டி உதிரும். அதைச் சிமெண்ட் வைத்து அடைத்தால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் ஓரங்களில் பூச்சு உப்பிக்கொண்டு வரும். பழைய பைப் சுவருக்குள்ளேயே கிடக்கட்டும். இரண்டு முனையிலும் பிளக் போட்டு மூடிவிட்டு, புது சிபிவிசி (ஒரு வகை பிளாஸ்டிக் பைப்) லைனைப் பின்கட்டுச் சுவரின் மேலேயே கிளாம்ப் அடித்துக் கொண்டுபோங்கள். பார்வைக்குத் தெரியும்தான், ஆனால் ஒழுகினாலும் தெரியும். ஒரே அளவு என்றாலும் சிபிவிசியின் உள்விட்டம் ஜிஐயைவிடக் குறைவு. மெயின் லைனுக்கு ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள்.

சுவருக்கு வெளியே இருக்கும் பழைய ஜிஐயைக் கழற்ற இரண்டு பைப் ரெஞ்ச் வேண்டும். ஒன்றால் பைப்பைப் பிடித்துக்கொண்டு மற்றதால் திருகுங்கள். ஒற்றை ரெஞ்சால் முறுக்கினால் சுவருக்குள் இருக்கும் மரை உடையும். ஜிஐயும் சிபிவிசியும் சேரும் இடத்தில் பித்தளை மரை வைத்த அடாப்டர் போட்டு, மரையில் டெஃப்லான் டேப்பை வலஞ்சுழியாகச் சுற்றுங்கள்.

சிபிவிசியை நேராக அறுத்து, பிசிறை நீக்கித் துடைத்து, சிபிவிசிக்கு உரிய சால்வென்ட் சிமெண்டை (பைப் ஒட்டும் பசை) பைப்பிலும் ஃபிட்டிங்கிலும் தடவுங்கள். உள்ளே தள்ளிக் கால் திருப்பு திருப்பி, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். விட்டால் பைப் பின்னுக்கு வந்துவிடும். ஒரு நாள் முழுக்கக் காய விட்டுத் தண்ணீர் திறங்கள். ஒவ்வொரு ஜாயின்ட்டையும் டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பாருங்கள், சிறு கசிவும் தெரிந்துவிடும்.

வெயில் படும் பகுதிக்கு வாட்டர் பேஸ் பெயின்ட் அடியுங்கள். ஆயில் பெயின்ட் வேண்டாம், அது பைப்பைக் கெடுக்கும். அப்புறம், கேட் வால்வை மாதம் ஒருமுறை மூடித் திறந்தால் இறுகாமல் இருக்கும்.