கர்ப்பத்தில் நோயெதிர்ப்பு: எப்போது எதைக் கவனிப்பது

கர்ப்பமானால் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிடும் என்பார்கள். உண்மையில் அது குறைவதில்லை, வேலையை மாற்றிக்கொள்கிறது. கருவின் மரபணுவில் பாதி தந்தையுடையது. அப்படியிருந்தும் தாயின் உடல் அதை ஏன் வெளியேற்றுவதில்லை என்று 1953இல் நோயெதிர்ப்பு அறிவியலாளர் பீட்டர் மெடவார் கேட்டார். இன்று நமக்குத் தெரிந்த விடையில் இரண்டு பகுதிகள் முக்கியமானவை. நஞ்சுக்கொடியின் வெளிச்செல்கள், அந்நியரைக் காட்டிக்கொடுக்கும் எச்எல்ஏ-ஏ, எச்எல்ஏ-பி புரதங்களை ஏந்துவதில்லை. அவற்றுக்குப் பதில் எச்எல்ஏ-ஜி என்ற புரதத்தைக் காட்டித் தாக்குதலை அடக்குகின்றன. அடுத்து, முதல் மூன்று மாதங்களில் கருப்பை உட்சுவரிலுள்ள வெள்ளை அணுக்களில் சுமார் 70 சதவீதம் என்.கே. செல்கள், அதாவது ‘இயற்கைக் கொல்லி’ செல்கள். பெயர் அப்படியிருந்தாலும் இவை கருவைக் கொல்ல வந்தவை அல்ல. கருப்பையின் சுருள் தமனிகளை அகலப்படுத்தி, நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாகப் பாய வழிசெய்கின்றன.

இந்த வேலை சரியாக நடக்காதபோது பின்மாதங்களில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போகும் நிலை, அதாவது பிரீஎக்லாம்சியா, வரக்கூடும். முந்தைய கர்ப்பத்தில் இது வந்தவர்கள், ஏற்கெனவே ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், சிறுநீரக நோய், லூபஸ் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்கள், இரட்டைக் கரு சுமப்பவர்கள் ஆகியோர் 12ஆம் வாரத்திலேயே குறைந்த அளவு ஆஸ்பிரின் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். வழக்கமான அளவு நாளுக்கு 75 முதல் 150 மி.கி. இதை 16 வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. தமனிகள் உருமாறி முடிந்தபின் தொடங்கினால் பலன் குறைவு.

கருத்தரிக்கும் முன்பே முடிக்க வேண்டியவை சில உண்டு. ருபெல்லா, சின்னம்மை இரண்டுக்கும் எதிர்ப்பு உள்ளதா என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்து, இல்லையென்றால் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் கழித்துக் கருத்தரிக்கலாம். இவை உயிருள்ள கிருமி கொண்ட ஊசிகள், கர்ப்பத்தில் போடுவதில்லை. தெரியாமல் போட்டுவிட்டாலும் கருவைக் கலைக்க அது காரணம் ஆகாது. எதிர்ப்பு இல்லாதவர் கர்ப்பத்தில் சின்னம்மை நோயாளியின் அருகில் இருக்க நேர்ந்தால் கொப்புளம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. 10 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது தயார்நிலை எதிரணுக்கள், கொடுக்க வாய்ப்பு உண்டு.

தடுப்பூசிகளில் காலம்தான் எல்லாம். தாயின் எதிரணுக்களில் (ஆன்டிபாடி) ஐஜிஜி வகை மட்டுமே நஞ்சுக்கொடியைக் கடக்கும். அதுவும் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான். நிறைமாதத்தில் குழந்தையின் ரத்தத்தில் ஐஜிஜி தாயைவிட அதிகமாகவே இருக்கும். குறைமாதக் குழந்தைக்கு இந்தக் கொடை பாதியில் நின்றுவிடுகிறது. ஊசி போட்டபின் எதிரணு போதிய அளவு உருவாக சுமார் இரண்டு வாரம் ஆகும். இவற்றையெல்லாம் கணக்கிட்டுத்தான் கக்குவான் இருமலுக்கான டிடாப் ஊசியை 27 முதல் 36 வாரத்துக்குள், முடிந்தால் அதன் முற்பகுதியில், போடச் சொல்கிறார்கள். போன கர்ப்பத்தில் போட்டிருந்தாலும் இந்த முறையும் வேண்டும், ஏனெனில் அந்த எதிரணுக்கள் வேகமாகக் குறைந்துவிடும். இன்ஃபுளுயன்சா ஊசியை எந்த மாதத்திலும் போடலாம். மூக்கில் விடும் வகை மட்டும் கூடாது.

ரத்த வகை நெகட்டிவ் என்றால் இன்னும் கவனம் தேவை. குழந்தையின் பாசிட்டிவ் அணுக்கள் தாயின் ரத்தத்தில் கலந்தால் அவற்றுக்கு எதிரணு உருவாகும். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும், அடுத்ததன் சிவப்பணுக்கள் சிதையும். இதைத் தடுக்க 28ஆம் வாரத்தில் ஆன்டி-டி ஊசி, வழக்கமாக 300 மைக்ரோகிராம், போடுவார்கள். பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் மறுபடியும் ஒன்று. கருச்சிதைவு, வயிற்றில் அடி, ரத்தப்போக்கு, பனிக்குட நீர் எடுத்தல் எதுவானாலும் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எதிரணு ஏற்கெனவே உருவாகிவிட்டால் இந்த ஊசியால் பயனில்லை. அதனால்தான் தாயின் ரத்தத்தில் அந்த எதிரணு உள்ளதா என்று பார்க்க முதலில் ஐசிடி பரிசோதனை.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பாராசிட்டமால் எடுக்கலாம், 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டாமல். ஐபுபுரோஃபென் வேண்டாம், குறிப்பாக 20 வாரத்துக்குப் பின் அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கும். இன்ஃபுளுயன்சா கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்குவதற்கு நோயெதிர்ப்பு மாற்றம் மட்டும் காரணமல்ல. வளரும் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரலின் கையிருப்பும் குறைவு. ஆகவே ஃப்ளூ என்று சந்தேகம் வந்தாலே 48 மணி நேரத்துக்குள் ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்குவது நல்லது: 75 மி.கி., நாளுக்கு இருமுறை, 5 நாள். பேசும்போதே மூச்சு வாங்கினால், அல்லது குழந்தையின் அசைவு குறைந்தால் உடனே மருத்துவமனை.

ரத்த அறிக்கையைப் பார்த்துப் பதற வேண்டாம். வெள்ளை அணு 15,000 வரை கர்ப்பத்தில் இயல்பு, பிரசவ வலியில் 25,000கூடத் தாண்டும். ஈஎஸ்ஆர் (சிவப்பணுக்கள் படியும் வேகம்) எப்படியும் ஏறியிருக்கும் என்பதால் தொற்றைக் கண்டறிய அது உதவாது.

முடக்குவாதம் பலருக்குக் கர்ப்பத்தில் தணிந்து, பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் திரும்பும். லூபஸ் அப்படித் தணியும் என்று நம்பக் கூடாது. நோய் 6 மாதமாவது அடங்கியிருந்தபின் கருத்தரிப்பதே பாதுகாப்பு. இந்நோய்களுக்கான மருந்துகளில் மெத்தோட்ரெக்சேட்டைக் கருத்தரிக்கும் முன்கூட்டியே நிறுத்த வேண்டும், ஆனால் ஹைட்ராக்சிகுளோரோகுயினைத் தாமாக நிறுத்துவது பெரிய தவறு. நிறுத்தினால் நோய் மீண்டும் கிளம்பும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் இன்ஃபிளிக்சிமாப் போன்ற ஊசி மருந்தைக் கடைசி மாதங்களில் எடுத்திருந்தால் குழந்தை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதுவும் ஐஜிஜி வகைதான், அதே வழியில் குழந்தைக்குப் போய்ச் சேரும். அப்படிப்பட்ட குழந்தைக்கு, உயிருள்ள கிருமி கொண்ட பிசிஜி (காசநோய்த் தடுப்பு) ஊசியைக் குறைந்தது 6 மாதம் தள்ளிப்போட வேண்டும்.