வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறீர்களா? டிக்கெட் போடும் முன் வரிக் கணக்கைப் போடுங்கள்

வேலை உத்தரவு வந்ததும் எல்லோரும் பார்ப்பது விசா, அதற்கடுத்து டிக்கெட் விலை. அந்த ஆண்டு முழுக்க எவ்வளவு வரி கட்டப் போகிறோம் என்பதை டிக்கெட்டில் உள்ள தேதிதான் முடிவு செய்கிறது. இது பலருக்கும் தெரியவருவது அடுத்த ஜூலையில், கணக்கு தாக்கல் செய்ய உட்காரும்போதுதான். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

இந்திய வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அந்த ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் ‘ரெசிடென்ட்’. உலகில் எங்கே சம்பாதித்தாலும் இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டும். சாதாரணமாக 60 நாள் இருந்து, அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இருந்திருந்தாலும் ரெசிடென்ட்தான். ஆனால் வேலைக்காக நாட்டை விட்டுப் போகும் இந்தியக் குடிமகனுக்குக் கிளம்பும் ஆண்டில் அந்த 60 என்பது 182 ஆகிவிடும். சட்டம் தரும் பெரிய சலுகை இதுதான்.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 153 நாள். கிளம்பும் நாளையும் சேர்த்து எண்ணினால் செப்டம்பர் 28 அன்று 181 ஆகிறது. 29 அன்று கிளம்பினால் 182, அதாவது ரெசிடென்ட். இந்த ஒரு நாளின் விலையைப் பாருங்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இங்கே மாதம் 1 லட்சம், அக்டோபர் முதல் மார்ச் வரை துபாயில் மாதம் 3 லட்சத்துக்குச் சமமான சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். 28-க்குள் போனவருக்கு இந்தியாவில் வரிக்கு உட்படுவது இங்கே வாங்கிய 6 லட்சம் மட்டுமே. நிலையான கழிவு 75,000 போக 5.25 லட்சம். 2025-26 முதல் உள்ள புதிய முறை வீதப்படி, செஸ் என்ற கூடுதல் வரி உட்பட 6,500 ரூபாய் வரி. 29-ல் போனவருக்கு மொத்தம் 24 லட்சமும் கணக்கில் வரும், வரி 2,92,500 ரூபாய். துபாயில் வருமான வரியே இல்லாததால், அங்கே கட்டியதை இங்கே கழித்துக்கொள்ளும் வழியும் கிடையாது. இரு நாட்டு ஒப்பந்தத்தைக் காட்டியும் தப்ப முடியாது: அந்த ஒப்பந்தப்படி ஒருவர் அமீரகவாசி ஆக வேண்டுமென்றால் அந்தக் காலண்டர் ஆண்டில் 183 நாளாவது அங்கே இருந்திருக்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் போனவருக்கு அவ்வளவு நாள் எங்கிருந்து வரும்?

சென்னையிலிருந்து வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகும் விமானங்களில் நிறைய நள்ளிரவுக்குப் பிறகு கிளம்புபவை. டிக்கெட்டில் 29 என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் குடியகல்வு முத்திரை 28 இரவு 11 மணிக்கு விழுந்திருக்கும். வரிக் கணக்குக்கு ஆதாரம் முத்திரைதான். ஆனாலும் இந்த அளவுக்கு ஓரத்தில் நிற்காமல் பத்து நாளாவது முன்கூட்டிக் கிளம்புவது நல்லது. வரும் நாள், போகும் நாள் இரண்டையும் இந்தியாவில் இருந்த நாளாகவே எண்ணிக்கொள்ளுங்கள். அப்போது எந்த அதிகாரியிடமும் வாதாட வேண்டியிருக்காது.

அதிகம் பேர் தவறுவது கிளம்பும் தேதியில் அல்ல, பொங்கல் லீவில். செப்டம்பர் 10 அன்று போனவருக்கு 163 நாள் ஆகியிருக்கும். ஜனவரியில் 20 நாள் ஊருக்கு வந்தால் 183. மூன்று வாரம் அம்மா வீட்டில் இருந்ததற்காக ஆறு மாத வெளிநாட்டுச் சம்பளம் முழுவதும் இந்திய வரிக்குள் வந்துவிடும். கிளம்பிய ஆண்டின் மார்ச் 31 வரை, ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் ஊருக்கு வந்து போக 181 நாள் வரை இடமுண்டு. இந்தியாவில் வரும் வாடகை, வட்டி, லாபம் எல்லாம் சேர்ந்து 15 லட்சத்தைத் தாண்டினால் மட்டும் வரம்பு 119 நாளாகக் குறையும். அதே 15 லட்சத்தைத் தாண்டி, வேறெந்த நாட்டிலும் வரிக்கு உட்படாதவராக இருந்தால், ஒரு நாள்கூட இங்கே இல்லாவிட்டாலும் ‘ரெசிடென்ட்’ என்றே கருதப்படுவீர்கள். வளைகுடாவில் இருப்பவர்களை இது பயமுறுத்துகிறது. பயம் தேவையில்லை: அந்த நிலையில் அங்கே வாங்கும் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. இந்தியாவிலிருந்து நடத்தும் தொழிலின் வருமானம்தான் சிக்கும்.

கூடவே போகும் மனைவிக்கோ கணவருக்கோ 182 நாள் சலுகை கிடைக்காது, அவர் வேலைக்காகப் போகவில்லையே. ஏப்ரலிலிருந்து 60 நாள் இருந்துவிட்டுப் போனாலே அந்த ஆண்டு அவர் ரெசிடென்ட். வெளிநாட்டில் அவருக்கு வருமானமோ கணக்கோ இல்லையென்றால் நஷ்டமில்லை. அங்கே போனதும் அவர் பெயரையும் சேர்த்து வங்கிக் கணக்கு திறந்தால், அந்த ஆண்டு இந்தியத் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டியிருக்கும்.

வங்கியின் கணக்கு வேறு

வரிச் சட்டம் நாளை எண்ணுகிறது. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா நோக்கத்தைப் பார்க்கிறது. வேலைக்காகக் கிளம்பிய அன்றே ஃபெமா கண்ணில் நீங்கள் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்), 182 நாள் ஆனாலும் ஆகாவிட்டாலும். அதனால் “வரிக்கு நான் இன்னும் ரெசிடென்ட்தான், சேவிங்ஸ் கணக்கு அப்படியே இருக்கட்டும்” என்பது சரியல்ல. போன கையோடு வங்கிக்குச் சொல்லி, இருக்கும் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ ஆக்க வேண்டும். விசா நகல், வெளிநாட்டு முகவரிச் சான்று, பான் இவை கேட்பார்கள்.

என்ஆர்ஓ என்பது இந்தியாவில் வரும் பணத்துக்கு: வாடகை, டிவிடெண்ட், பழைய சேமிப்பு. இதன் வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 31.2 சதவீதம் டிடிஎஸ், அதாவது கைக்கு வரும் முன்பே பிடிக்கும் வரி, பிடிப்பார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்று வங்கியில் கொடுக்கும் படிவத்தை (பழைய சட்டத்தில் 15ஜி) கொடுத்து நிறுத்தலாம் என்று நினைக்காதீர்கள், அது ரெசிடென்டுகளுக்கு மட்டும். போன நாட்டில் வரி வசிப்பிடச் சான்றிதழ் வாங்கி வங்கியில் கொடுத்தால் ஒப்பந்த வீதத்தில் பிடிக்கச் சொல்லலாம். வட்டிக்கு அமீரகத்துக்கு 12.5 சதவீதம், அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் 15.

என்ஆர்இ என்பது வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்துக்கு. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துப் போகலாம். இங்கே இருந்த ரூபாயை அதில் நேரடியாகப் போட முடியாது. என்ஆர்ஓ பணத்தை வெளியே கொண்டுபோக ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை அனுமதி உண்டு, வரி கட்டியதற்கு ஆடிட்டர் சான்று கேட்பார்கள்.

சம்பளம் எங்கே விழுகிறது என்பதிலும் கவனம் வேண்டும். வெளிநாட்டு முதலாளியிடம் “என் இந்தியக் கணக்கிலேயே போட்டுவிடுங்கள்” என்று சொல்லிவிடுகிறார்கள். என்ஆர்ஐக்கு இந்தியாவில் முதலில் கைக்கு வரும் வருமானமும் இந்திய வரிக்கு உட்பட்டது. கப்பல் ஊழியர்களின் வெளிநாட்டுச் சம்பளம் என்ஆர்இ கணக்கில் விழுந்தால் வரி இல்லை என்று 2017-ல் தனி விளக்கம் வந்தது, மற்றவர்கள் அதை நம்பி இறங்க வேண்டாம். அந்த நாட்டில் கணக்கு திறந்து அதில் வாங்குங்கள், பிறகு வீட்டுக்கு அனுப்புங்கள். அப்படி அனுப்புவதற்கு வரி இல்லை.

பிஎஃப், பங்கு, வீடு

இபிஎஃப் தொடர் சேவை 5 ஆண்டுக்குள் எடுத்தால் வரி உண்டு, அதற்குப் பிறகு எடுத்தால் இல்லை. ஆனால் வேலையை விட்ட பிறகு கணக்கில் சேரும் வட்டிக்கு வரி உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கம்பெனியே டெபுடேஷனில் அனுப்பினால், ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் போலச் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமுள்ள நாடு என்றால், இபிஎஃப்ஓவிடம் கவரேஜ் சான்றிதழ் வாங்கிப் போங்கள். அங்கே சமூகப் பாதுகாப்புக்கென்று சம்பளத்தில் இன்னொரு முறை பிடிக்க மாட்டார்கள். அமெரிக்காவுடன் அப்படி ஒப்பந்தம் இல்லை. பிபிஎஃப் இருந்தால் 15 ஆண்டு முடியும்வரை கட்டலாம், நீட்டிக்க முடியாது, புதிதாகத் திறக்கவும் முடியாது.

டீமேட், மியூச்சுவல் ஃபண்ட் கேஒய்சியை என்ஆர்ஐ என்று மாற்றுங்கள். அமெரிக்கா போகிறவர்கள் மாற்றுவதோடு நிற்காமல் ஃபண்டுகளை விற்றுவிட்டுப் போவதைத் தீவிரமாக யோசிக்க வேண்டும். அமெரிக்க வரித் துறை இந்திய மியூச்சுவல் ஃபண்டை ‘பிஃபிக்’ என்ற வகையில் வைத்து, கடுமையான வீதத்தில் வரி போடுகிறது. அதற்கான 8621 படிவம் பொதுவாக ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனி. எஸ்ஐபி நாலைந்து ஓடினால் படிவம் நிரப்புபவருக்குக் கொடுக்கும் கூலி லாபத்தைத் தாண்டிவிடும்.

வீட்டை வாடகைக்கு விட்டுப் போனால் குடியிருப்பவரிடம் நீங்கள் என்ஆர்ஐ என்று எழுத்தில் சொல்லுங்கள். வாடகை 8,000 ஆனாலும் 31.2 சதவீதம் பிடித்துக் கட்டுவது அவர் கடமை, நோட்டீஸும் அவருக்குத்தான் வரும். விற்பது என்றால் கிளம்பும் முன்பே விற்பது நல்லது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்குப் பணவீக்கக் கழிவோடு 20 சதவீதம் என்ற தேர்வு ரெசிடென்டுக்குத்தான் உண்டு, என்ஆர்ஐக்கு 12.5 மட்டுமே. என்ஆர்ஐ விற்றால் வாங்குபவர் லாபத்தை விட்டுவிட்டு விலை முழுவதுக்கும் டிடிஎஸ் பிடிப்பதும் வழக்கம். அதைக் குறைக்க வருமான வரித் துறையிடம் குறைந்த பிடித்தச் சான்றிதழ் வாங்க வேண்டும். பத்திரப்பதிவுக்கு முன்பே அது கையில் இருக்க வேண்டும்.

போய்ச் சேரும் நாட்டில்

சிங்கப்பூரில் மாதச் சம்பளத்தில் வரி பிடிக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு மொத்தமாகச் சீட்டு வரும், எடுத்து வைக்காதவர்கள் திணறுவார்கள். மலேசியாவில் காலண்டர் ஆண்டில் 182 நாள் ஆகாதவருக்கு ஒரேயடியாக 30 சதவீதம். அதனால் ஆண்டின் பிற்பாதியில் சேர்ந்தால் முதல் சில மாதச் சம்பளம் மெலிந்துதான் வரும். அடுத்த ஆண்டுத் தொடர்ச்சியைச் சேர்த்துக் கணக்கிடும் விதி உண்டு, மனிதவளத் துறையிடம் கேளுங்கள். அமெரிக்காவில் ரெசிடென்ட் ஆனதும் இந்தியாவில் வரியில்லாத என்ஆர்இ வட்டிக்கும் அங்கே வரி. இந்தியக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலே ‘எஃப்பார்’ அறிக்கை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அபராதம் கணக்கில் இருக்கும் பணத்தையே விழுங்கலாம்.

கிளம்பிய ஆண்டுக்கான தாக்கல்

என்ஆர்ஐ ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-2 போட வேண்டும், கெடு ஜூலை 31. “12 லட்சம் வரை வரியில்லை” என்பது 87ஏ தள்ளுபடியால் வருவது, அது ரெசிடென்டுக்கு மட்டும். என்ஆர்ஐக்கு 4 லட்சத்துக்கு மேல் போனாலே வரி தொடங்கிவிடும். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. 87ஏ போன்ற எண்கள் பழைய சட்டத்தினுடையவை, ஆடிட்டரிடம் பேசும்போது எண்ணை விட்டு விஷயத்தைச் சொல்லுங்கள்.

வருமான வரி ‘கிளியரன்ஸ்’ சான்றிதழ் இல்லாமல் விமானம் ஏற விடமாட்டார்கள் என்று 2024-ல் பரவியது பொய். பெரிய நிதி முறைகேடு, அல்லது தடை வாங்காத 10 லட்சத்துக்கு மேற்பட்ட பாக்கி உள்ளவர்களுக்கே அது கேட்கப்படும்.

போகும் முன் இன்னும் இரண்டு வேலை. தாக்கல் தளத்தில் உங்கள் நிலையை என்ஆர்ஐ என்று மாற்றி, வெளிநாட்டு எண்ணையும் மின்னஞ்சலையும் சேருங்கள். தாக்கல் செய்து 30 நாளுக்குள் மின்சரிபார்ப்பு முடிக்க வேண்டும். ஆதார் ஓடிபி இந்திய எண்ணுக்குத்தான் வரும், ரீசார்ஜ் இல்லாமல் அந்த எண் பறிபோனால் வேறு வழி தேடி அலைய வேண்டும். ரோமிங்கில் அதை உயிரோடு வைத்திருங்கள். பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்களை ஆண்டுதோறும் ஸ்கேன் செய்து வையுங்கள். ஊர் திரும்பும்போது முந்தைய 7 ஆண்டுகளில் 729 நாளுக்கு மேல் இங்கே இல்லை என்று காட்ட முடிந்தால், வெளிநாட்டு வருமானத்துக்கு மேலும் ஓரிரு ஆண்டு இந்திய வரியிலிருந்து விலக்கு கிடைக்கும். அதற்குள் பழைய பாஸ்போர்ட் புத்தகம் மாறியிருக்கும்.