திருமலையில் படம் கீறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமலைக்கு, அதாவது திருகோணமலைக்கு, வருகிறவர்கள் கொப்பியும் பென்சிலுமாக முதலில் ஏறுவது கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைக்குத்தான். தவறு தொடங்குவது கையில் இல்லை, போகிற நேரத்தில். நண்பகலில் வெயில் ஏறக்குறைய தலைக்கு நேரே விழும் ஊர் இது. நிழல் காலடியில் ஒடுங்க, கோபுரமும் கோட்டைச் சுவரும் தட்டையாகிவிடும். கோயில் வளவில் செருப்பும் இல்லாமல் சுடுகிற தரையில் நின்று எவராலும் நிதானமாகக் கீற முடியாது. காலை 9 மணிக்கு முன், அல்லது பின்னேரம் 4 மணிக்குப் பின் போங்கள்.

எங்கே உட்காருகிறோம் என்பதும் நேரத்தைப் பொறுத்ததே. டச்சுக் குடாக் கடற்கரையிலிருந்து மலையைக் கீறுவதென்றால் பின்னேரம் நல்லது. காலையில் சூரியன் மலைக்குப் பின்பக்கமாக எழுவதால் பாறையின் வெடிப்பும் மடிப்பும் தெரியாது, கறுப்பு உருவம் மட்டுமே மிஞ்சும். எந்த வேளையானாலும் நிழலின் ஓரத்தை முதல் பத்து நிமிடத்துக்குள் மெல்லிய கோட்டால் குறித்துவிட்டு, பிறகு அதைத் தொடாதீர்கள். நிழல் நகர நகரத் திருத்திக்கொண்டே போனால் ஒரே படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும்.

அதிகம் பேர் பிழைவிடுவது கடலின் அடிவானத்தில். மலை உச்சியில் நின்றால் கடல் கீழே கிடப்பதாக மனம் சொல்லும். கை அதை நம்பி, அடிவானக் கோட்டைத் தாளின் கீழ்ப்பாதியில் போட்டுவிடும். உண்மையில் எவ்வளவு உயரத்தில் நின்றாலும் அடிவானம் நம் கண்மட்டத்திலேயே இருக்கும். பென்சிலைக் கண்ணுக்கு நேரே கிடையாகப் பிடித்துப் பாருங்கள், கோடு அதனோடு பொருந்தும். ஆகவே உச்சியிலிருந்து கீறும்போது அடிவானத்தைத் தாளின் மேல் மூன்றிலொரு பங்கில் வையுங்கள். வள்ளங்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிற்கும், தூரத்து வள்ளம் அடிவானத்தை நெருங்கி நெருங்கிச் சிறுக்கும். ஒரு வள்ளமாவது அடிவானத்தை வெட்டி மேலெழுந்தால் மலையின் உயரம் முழுவதும் படத்தில் இல்லாமல் போகும். மணலில் உட்கார்ந்தால் இது அப்படியே மாறும்: எதிரே நிற்பவரின் தலை அடிவானத்துக்கு மேலே வரும்.

கோபுரத்தில் சிலைகளிலிருந்து தொடங்காதீர்கள். நடுக்கோடு, மொத்த உயரம், அடி அகலம், பிறகு தட்டுகள். கை முழங்கையில் மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பென்சிலால் அளக்க வேண்டும். முழங்கை சற்று மடங்கினாலும் அளவு மாறிவிடும். சிலைகளுக்கு, அவற்றின் அடியில் விழும் நிழற் புள்ளிகளே போதும். இரண்டு மூன்றை மட்டும் தெளிவாகக் கீறினால் மீதியைக் கண் நிரப்பிக்கொள்ளும்.

மலைக்குப் போகும் வழியிலுள்ள பிரட்ரிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் கல் அது. அதை வாசலின் ஓர் அலங்காரமாகச் சிறிதாக்கிவிடாமல் தனிப்பக்கம் கொடுங்கள். மீனைச் சுற்றி முழுக் கோடு போட்டால் ஒட்டுப்படம் போலாகும். வெளிச்சம் படாத பக்க ஓரத்தை மட்டும் மென்மையான, கருமை கூடிய 4பி பென்சிலால் அழுத்தினால் புடைப்பு வரும். கல்லின்மேல் தாளை வைத்துத் தேய்த்துப் பிரதி எடுக்கவே கூடாது. கோட்டைக்குள் இராணுவம் இருக்கிறது, காவலரண்களைக் கீறாதீர்கள். சந்தேகமென்றால் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

அங்குள்ள மான்களை ஒரே படமாக முடிக்கப் பார்ப்பது வீண். ஒரு பக்கத்தில் ஐந்தாறு உருவம் தொடங்குங்கள். மான் அசைந்தால் அடுத்ததற்குப் போங்கள், பழைய நிலைக்கு அது திரும்பவும் வரும். புள்ளிகள் கடைசியில்.

ஒல்லாந்தர் காலக் கட்டடத்திலுள்ள கடற்படை அருங்காட்சியகத்துக்குப் பென்சிலும் அழிறப்பரும் மட்டும் கொண்டுபோங்கள். தண்ணீரும் மையும் சிந்தினால் காட்சிப்பொருளுக்குச் சேதம். கண்ணாடிப் பெட்டிக்கு நேரே நிற்காமல் சற்றுச் சரிவாக நின்றால் கண்ணாடியில் உங்கள் பிரதிபிம்பம் குறுக்கே விழாது. கப்பல் மாதிரியைக் கீறும்போது கயிறுகளில் தொடங்கினால் பாய்மரம் சாயும். முதலில் உடற்பகுதி, பிறகு பாய்மரத்தின் நிமிர்வு, கடைசியில் கயிறு. பொருளின் பெயரையும் ஏறத்தாழ அளவையும் பக்கத்திலேயே எழுதுங்கள், அறைக்குத் திரும்பியபின் நினைவிருக்காது.

நீர்வர்ணத்துக்கு 200 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீற்றருக்கு 200 கிராம் எடை) குறைந்த தாள் நெளிந்துவிடும். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வர்ணம் பரவுமுன்னே காய்ந்து விளிம்பு கட்டும். தாளை முதலில் நனைத்து, பெரிய தூரிகையால், சிறு பகுதியாகப் பூசுங்கள். கொப்பியின் இரு ஓரத்திலும் கிளிப் போடுங்கள். மாரியில் இதற்கு நேரெதிர்: ஒரு பூச்சே காய வெகுநேரம் பிடிக்கும், ஈரத்தோடு மூடினால் பக்கங்கள் ஒட்டும். வெயிலில் தாளை விரித்துப் பூசினால் வெண்மை கண்ணைக் கூசவைத்து வர்ணத்தைக் கடுமையாக்கச் செய்யும், வீட்டில் பார்த்தால் படம் இருண்டிருக்கும். தாள் நிழலில் இருக்கட்டும், வெயில் நீங்கள் பார்க்கும் பொருளில் விழட்டும்.