போவிஸ் ஏர்ல் பட்டம்: வாரிசு வரிசை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை மாகாண ஆளுநர்களைப் பற்றி எழுதத் தொடங்கும் இளையோரின் வரைவுகள் திருத்தத்துக்கு வரும்போதெல்லாம், நான் தொடக்கத்தில் செய்த அதே தவறுகள் அவற்றிலும் இருப்பதைக் காண்கிறேன். பெயரில் எழுத்துப்பிழை, ஆண்டில் ஓர் இலக்கம் பிறழ்வது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் பட்டுவிடும். பிரிட்டிஷ் பரம்பரைப் பட்டங்கள் கைமாறும் முறையை அறியாததால் நேரும் தவறுகளோ மெய்ப்பில் சிக்குவதில்லை, ஏனெனில் பார்வைக்கு அவை குறையற்ற வாக்கியங்களாகவே இருக்கும். 1798 முதல் 1803 வரை சென்னையில் ஆளுநராக இருந்த எட்வர்ட் கிளைவ் பின்னாளில் பெற்ற போவிஸ் ஏர்ல் பட்டத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். (பிரிட்டிஷ் பிரபுக்களின் ஐந்து தகுதிகளில் ஏர்ல் நடுவிலுள்ளது; டியூக், மார்க்விஸ் அதற்கு மேல், வைகவுண்ட், பாரன் அதற்குக் கீழ்.) இத்துறையில் தடுக்கி விழக்கூடிய இடங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு பட்டத்திலேயே இருக்கின்றன.

எந்தக் கிளைவ் என்று பாராமல் எழுதுவது

ராபர்ட் கிளைவ் 1774-இலேயே இறந்துவிட்டார். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட 1799-இலும், மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட 1801-இலும் சென்னையில் ஆளுநராக இருந்த கிளைவ் பிரபு அவருடைய மூத்த மகன் எட்வர்ட். பிளாசியில் வென்ற தந்தையைப் போவிஸ் ஏர்ல் என்று குறிப்பிடுவோரும் உண்டு. அவர் ஒருநாளும் ஏர்லாக இருந்ததில்லை.

மூன்று பட்டங்களை ஒரே பட்டமாகக் கோப்பது

எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். போவிஸ் ஏர்ல் என்ற பட்டம் மூன்று முறை தனித்தனியாக உருவாக்கப்பட்டது: 1674-இல் வில்லியம் ஹெர்பர்ட்டுக்காக இங்கிலாந்தின் பிரபுவரிசையில், 1748-இல் ஹென்றி ஆர்தர் ஹெர்பர்ட்டுக்காகக் கிரேட் பிரிட்டனின் வரிசையில், 1804-இல் எட்வர்ட் கிளைவுக்காக ஐக்கிய ராச்சியத்தின் வரிசையில். பட்டத்தை உருவாக்கும் அரச பட்டயம், அதை முதலில் பெற்றவருடைய நேர்வழி ஆண் வாரிசுகளுக்கு மட்டுமே உரிமை தருவது வழக்கம். அந்த வழியில் ஆண்கள் அற்றுப்போனால் பட்டமும் அன்றோடு முடிந்துவிடும். அதன்பின் அதே பெயரில் மன்னர் இன்னொருவருக்கு வழங்குவது, ரத்தான பட்டாவில் இருந்த அதே ஊர்ப் பெயரைப் போட்டு வேறொருவருக்குப் புதிய பட்டா கொடுப்பதைப் போன்றது. பழைய பட்டாதாரரின் உரிமை தொடர்வதாக அதற்குப் பொருளில்லை.

இதனால் எண்ணிக்கையும் ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்தே தொடங்கும். முதல் உருவாக்கத்தில் மூவர். அவர்களுடைய குடும்பம் 1687-இல் மார்க்விஸ் தகுதிக்கு உயர்ந்ததால், நூல்களில் அவர்கள் பெரும்பாலும் மார்க்விஸ் என்றே வருவார்கள். இரண்டாம் உருவாக்கத்தில் இருவர். மூன்றாம் உருவாக்கத்தில் எட்வர்ட் கிளைவ் முதலாமவர். அந்த வரிசையில் இப்போதிருப்பவர் எட்டாமவர். எல்லாவற்றையும் ஒரே சங்கிலியாகக் கோத்தால் எட்வர்ட் ஆறாம் ஏர்லாகவும் இன்றிருப்பவர் பதின்மூன்றாம் ஏர்லாகவும் ஆகிவிடுவார்கள். அப்படியே வரைந்த கொடிவழிப் படங்களைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிட மோசமானது, போவிஸின் இரண்டாம் ஏர்ல் என்ற குறிப்பைக் கண்டவுடன் கையில் கிடைத்த முதல் ஹெர்பர்ட்டை அங்கே பொருத்துவது. அந்த அடைமொழிக்கு உரியவர்கள் மூவர்: 1745-இல் இறந்த வில்லியம், 1801-இல் மணமாகாமல் இறந்த ஜார்ஜ், எட்வர்ட் கிளைவின் மகனும் 1848-இல் வேட்டையின்போது தம் மகன் ஒருவருடைய துப்பாக்கிக் குண்டு தவறிப் பாய்ந்து இறந்தவருமான எட்வர்ட் ஹெர்பர்ட். ஒரு சிறு பதிப்பகத்தின் நூலில் இம்மூவரும் பெயரடைவில் ஒரே ஆளாகச் சேர்ந்திருந்தார்கள். 1847-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வேந்தர் பதவிக்கு விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட்டை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றவர், அந்த நூலின்படி அதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்பே காலமானவர். நான் பார்ப்பதற்குள் அச்சாகிவிட்டது. பெயரடைவும் கொடிவழிப் படமும் இருந்த படிவங்களை மீண்டும் அச்சிட்டு, கட்டிய பிரதிகளைப் பிரித்துக் கட்டினார்கள். ஏர்ல் என்ற சொல்லுக்கு அருகில் உருவாக்க ஆண்டை எழுதும் பழக்கம் ஆசிரியருக்கு இருந்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது. மூல ஆவணம் ஆண்டைச் சொல்லாது. அது எழுதப்பட்ட தேதியைக் கொண்டு எந்த வரிசை என்று தீர்மானித்து, முதல் குறிப்பிலேயே ‘1804 உருவாக்கத்தின் இரண்டாம் ஏர்ல்’ என்று எழுதிவிட வேண்டும்.

மனைவி வழியாகப் பட்டம் வந்தது என்பது

எட்வர்ட் கிளைவின் மனைவி ஹென்றியட்டா, 1801-இல் இறந்த ஜார்ஜின் சகோதரி; ஆகவே அவள் வழியாகக் கணவனுக்குப் பட்டம் இறங்கியது என்று எழுதிவிடுகிறார்கள். ஆண்டுகளை அடுக்கிப் பார்த்தாலே இது நிற்காது. திருமணம் 1784-இல், ஜார்ஜின் மரணம் 1801-இல், புதிய பட்டயம் 1804-இல். மரபுரிமையாக இறங்கியிருந்தால் ஜார்ஜ் இறந்த கணத்திலேயே இறங்கியிருக்க வேண்டும். இடையில் மூன்றாண்டுகள் அப்படி ஒரு பட்டமே இல்லை. சென்னையில் ஆளுநராக இருந்த காலம் முழுவதும் அவர் கிளைவ் பிரபுதான், ஹென்றியட்டா கிளைவ் சீமாட்டிதான். 1800-இல் ஹென்றியட்டா தென்னிந்தியாவில் மேற்கொண்ட பயணத்தைப் போவிஸ் சீமாட்டியின் பயணம் என்று எழுதுவது அதனால் காலப்பிழை ஆகிறது. திருமண உறவு புதிய பட்டத்தின் பெயரைத் தேர்ந்தெடுக்கக் காரணமாக இருந்தது என்று சொல்லலாம். உரிமைக்குக் காரணமாக இருந்தது என்று சொல்லக்கூடாது. 1748-இலும் இதே குழப்பம் உண்டு: ஹென்றி ஆர்தர் ஹெர்பர்ட் முந்தைய மார்க்விஸின் தம்பி மகளை மணந்தது 1751-இல், அதாவது ஏர்லாகி மூன்றாண்டுகள் கழித்து.

சொத்தின் பாதை வேறு. ஜார்ஜ் தம் நிலங்களை உயில் வழியாக ஹென்றியட்டாவின் மகனுக்கு விட்டார், ஹெர்பர்ட் என்ற குடும்பப் பெயரைச் சூடிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1807-இல் மகன் அப்படியே பெயரை மாற்றிக்கொண்டார். தந்தை கிளைவாகவும் மகன் ஹெர்பர்ட்டாகவும் இருப்பது இதனால்தான்.

பெண்களுக்கு எந்தப் பட்டமும் இறங்காது என்பது

இதுவும் தவறு. நாடாளுமன்றத்துக்கு மன்னர் விடுத்த பழைய அழைப்பாணைகளால் உருவான பாரன் பட்டங்கள் பெண்களுக்கும் இறங்கும். 1804 வரிசையின் நான்காம் ஏர்லின் மனைவி வயலெட், 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டார்சி டி நேத் என்ற பட்டத்தைத் தம் சொந்த உரிமையில் கொண்டிருந்தார். அது அவருக்குப் பின் மகன் மெர்வினுக்கும், 1943-இல் அவர் விமான விபத்தில் இறந்தபின் அவருடைய மகள் டவினாவுக்கும் சென்றது. அதே டவினாவுக்குப் போவிஸ் ஏர்ல் பட்டத்தில் எந்த உரிமையும் இல்லை.

அயர்லாந்துப் பட்டத்தைக் கவனிக்காமல் விடுவது

ராபர்ட் கிளைவ் 1762-இல் பெற்றது அயர்லாந்துப் பிரபுவரிசையைச் சேர்ந்த பாரன் பட்டம். அது பிரிட்டனின் பிரபுக்கள் அவையில் இடம் தராது; அதனால்தான் பிரபுவான பின்னும் ஷ்ரூஸ்பரி உறுப்பினராகப் பொதுமக்கள் அவையில் அமர முடிந்தது. எட்வர்டும் லட்லோ தொகுதிக்கு அப்படியே இருந்து, 1794-இல் கிரேட் பிரிட்டனின் பாரனானபோதுதான் அவை மாறினார்.

பென்டிங்க் பிரபு

எட்வர்டுக்குப் பின் ஆளுநரானவரை லார்டு வில்லியம் பென்டிங்க் என்று முழுமையாக எழுதுங்கள். அவர் போர்ட்லாந்து டியூக்கின் இளைய மகன். பெயருக்கு முன் வரும் லார்டு மரியாதை அடைமொழி, பட்டம் அல்ல. எட்வர்டுக்கு முன்பிருந்த ஹோபர்ட்டும் பதவிக் காலத்தில் ஓர் ஏர்லின் மூத்த மகன் என்ற முறையிலேயே லார்டு எனப்பட்டார். மூவரில் அப்போது சொந்த உரிமையில் பிரபுவாக இருந்தவர் எட்வர்ட் மட்டுமே.

போவிஸ் டியூக்

நாட்டை விட்டு ஓடிய மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் கொடுத்தது. இங்கிலாந்தில் செல்லாது. வரிசையில் சேர்க்காதீர்கள்.

மூத்த மகனை முன்கூட்டியே ஏர்லாக்குவது

ஏர்லின் மூத்த மகனை மரியாதைக்காக வைகவுண்ட் கிளைவ் என்பார்கள். அப்படி அழைக்கப்பட்ட எல்லோரும் ஏர்லானதில்லை. நான்காம் ஏர்லின் மூத்த மகன் பெர்சி 1916-இல் சோம் போரில் பட்ட காயத்தால் இறந்தார். மெர்வினின் முடிவை மேலே சொன்னேன். தந்தை 1952 வரை வாழ்ந்தார். அவருக்குப் பின் ஏர்ல் பட்டம், இரண்டாம் ஏர்லுடைய இன்னொரு மகனின் வழிவந்த உறவினருக்குச் சென்றது. வேல்ஸிலுள்ள போவிஸ் கோட்டையோ நான்காம் ஏர்லின் உயிலின்படி அதே ஆண்டில், பழம்பெரும் கட்டடங்களைப் பேணும் அமைப்பான நேஷனல் டிரஸ்டுக்குச் சென்றது. எனவே ‘கோட்டையின் உரிமையாளரான ஐந்தாம் ஏர்ல்’ என்று யாராவது எழுதியிருந்தால், முதல் இரண்டு சொற்களை அடித்துவிடலாம்.