ஆற்றுக் கயாக் கற்க விரும்பும் மதுரைக்காரருக்கு: முதலில் கவிழப் பழகுங்கள்

பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாயும் ஆறு மதுரைக்கு அருகில் இல்லை. வைகையில் பெரும்பாலும் மணல்தான். அணை திறந்தால் தண்ணீர். ஆனால் புதிதாகக் கயாக் (உட்கார்ந்து துடுப்புப் போடும் குறுகிய சிறு படகு) ஓட்டுபவர் கற்க வேண்டியதில் முக்கால்வாசியை ஓடாத தண்ணீரில்தான் கற்க வேண்டும். அதற்கு மதுரையே போதும். அதை இங்கே முடித்துக்கொண்டு, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரிக்குப் போங்கள். மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் கயாக் போட்டிகள் அங்கே ஓடும் சாலிப்புழையிலும் இருவஞ்ஞிப்புழையிலும்தான் நடக்கின்றன.

கிணற்றில் குதித்து நீந்திப் பழகியவருக்கு மூச்சடக்கவும் ஆழத்துக்கு அஞ்சாமல் இருக்கவும் வரும். பெரிய பலம் அது. ஆனால் கிணற்றுத் தண்ணீர் உங்களை எங்கும் இழுத்துக்கொண்டு போவதில்லை. உடுப்போடும் லைஃப் ஜாக்கெட்டோடும் 100 மீட்டர் நிற்காமல் நீந்த முடிகிறதா, தலைகீழாக 15 விநாடி பதறாமல் மூச்சடக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் கயாக் காத்திருக்கட்டும்.

என்னென்ன வேண்டும்

கடலிலும் ஏரியிலும் ஓட்டும் நீளமான கயாக், மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக் இரண்டும் இதற்கு ஆகாது. எட்டு முதல் ஒன்பது அடி நீளத்தில், உள்ளே இடுப்பு வரை புதைந்து உட்காரும் பிளாஸ்டிக் கயாக் வேண்டும். துடுப்பின் நீளம் 190 முதல் 200 சென்டிமீட்டர். ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும். பைக் ஹெல்மெட் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும். லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே இழுக்கும்போது அது காதுவரை ஏறினால் உங்களுக்குப் பெரிது. செருப்பு வேண்டாம், கயிறு கட்டிய பழைய ஷூ போதும். முதல் சீசனில் எதையும் வாங்காதீர்கள். குளப் பயிற்சிக்கு இரவலோ வாடகையோ பாருங்கள், ஆற்றில் பயிற்சி தரும் இடத்திலேயே எல்லாம் கிடைக்கும்.

உட்கார்ந்ததும் பாதம் முன்கட்டையைத் தொட வேண்டும், தொடைகள் மேல்விளிம்பின் அடியில் அணைய வேண்டும், இடுப்பின் இருபுறமும் இடைவெளி இருக்கக் கூடாது. தொளதொளவென்று உட்கார்ந்தால் நீங்கள் சாய்வீர்கள், படகு சாயாது. புதியவர்கள் 'பேலன்ஸ் வரவில்லை' என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கவிழ்ந்து வெளியே வருவது

நகரத்து நீச்சல் குளம் எதிலாவது கூட்டமில்லாத நேரத்துக்கு அனுமதி கேளுங்கள். படகை நன்றாகக் கழுவிக் கொண்டுபோனால் மறுக்கும் வாய்ப்பு குறைவு. இடுப்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, முதலில் ஸ்கர்ட் இல்லாமல் கவிழுங்கள். ஸ்கர்ட் என்பது உட்காரும் வாயை மூடும் ரப்பர் பாவாடை. அதை மாட்டும்போது முன்னால் இருக்கும் இழுப்பு வார் வெளியே தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பாருங்கள். வார் உள்ளே மடங்கிப்போவதுதான் இந்தப் பயிற்சியில் நிகழக்கூடிய ஆபத்தான தவறு.

கவிழ்ந்ததும் நெற்றி படகைத் தொடும்படி முன்னே குனியுங்கள். படகின் அடிப்பக்கத்தை இரு கையாலும் மூன்று முறை தட்டுங்கள். தட்டுவது உதவி கேட்க மட்டுமல்ல, உங்கள் பதற்றம் அடங்கவும்தான். பிறகு வாரை முன்னோக்கித் தள்ளி, அப்படியே வெளிப்பக்கமாக இழுங்கள். இடுப்புக்கு இருபுறமும் விளிம்பில் கை ஊன்றி, பேண்ட்டைக் கழற்றுவதுபோல் படகைக் காலிலிருந்து தள்ளுங்கள். பயத்தில் பின்னால் சாய்ந்தால் தொடை விளிம்பில் மாட்டும். ஆற்றில் என்றால் முகமும் பாறைக்கு நேராகப் போகும். யோசிக்காமலே கை வாருக்குப் போகும்வரை, இருபது முப்பது தடவை செய்யுங்கள்.

அடுத்தது ரோல்: படகை விட்டு வெளியேறாமலே நிமிர்வது. குளத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பை மட்டும் வெட்டிப் படகை நிமிர்த்தப் பழகுங்கள். எழுப்புவது கையல்ல, இடுப்பு. தலை கடைசியில்தான் வர வேண்டும். மூச்சுக்குத் தவித்துத் தலையை முதலில் தூக்கினால் அந்தக் கனமே படகை மறுபடி கவிழ்க்கும். துடுப்பை ஊன்றும்போது முழங்கை தோளுக்கு மேலே போகாமல் பாருங்கள். தோள்மூட்டு நழுவுவது இந்த விளையாட்டில் அடிக்கடி வரும் காயம்.

வைகையில் வேண்டாம்

ஆற்றில் தண்ணீர் வந்ததும் தடுப்பணையில் இறங்கிப் பார்க்கத் தோன்றும். தயவுசெய்து இறங்காதீர்கள். விழும் தண்ணீர் அடியில் போய், சற்றுத் தள்ளி எழும்பி, மேல்மட்டத்தில் மறுபடி சுவரை நோக்கியே திரும்பி வரும். சிக்கியவரை அது திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். இயற்கையான பாறை அருவியில் பெரும்பாலும் எங்காவது ஓரத்தில் உடைப்பு இருக்கும், வெளியேற வழி கிடைக்கலாம். கான்கிரீட் சுவரோ கரைக்குக் கரை ஒரே மட்டம். நுரையில் காற்று கலந்திருப்பதால் லைஃப் ஜாக்கெட்டும் முழுதாகத் தூக்காது. பேரணையானாலும் விரகனூர் மதகணையானாலும் ஊர்க் கண்மாயின் மறுகால் ஆனாலும் இதே கதைதான். இது போக மணல் அள்ளிய பள்ளங்களும், தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் சீமைக்கருவேலமும் உண்டு. நீர் முள்ளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் மாட்டிக்கொள்வார். வைகை அணையில் 66, 68.5, 69 அடி என்று மூன்று கட்ட எச்சரிக்கை விடுவார்கள். அந்தச் செய்தி வந்தால் ஆற்றுக்குள் இருக்கவே கூடாது.

ஓடும் தண்ணீர்

ஆறுகளை 1 (எளிது) முதல் 6 (மிகக் கடினம்) வரை தரம் பிரிப்பார்கள். தொடக்கம் 1, அதன்பின் 2. குளத்தில் பத்துக்கு எட்டு முறை ரோல் வராமல் 3-க்குப் போக வேண்டாம்.

பாறைக்குப் பின்னால் தண்ணீர் மேல்நோக்கித் திரும்பி அமைதியாக நிற்கும் இடத்துக்கு எடி என்று பெயர். ஒதுங்கி மூச்சு வாங்கும் இடம் அது. எடியிலிருந்து ஓட்டத்துக்குள் நுழையும்போது ஓட்டம் போகும் திசைக்குச் சாயுங்கள். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் நீர் படகின் விளிம்பில் ஏறி ஒரே விநாடியில் கவிழ்த்துவிடும். பாறையில் பக்கவாட்டில் மோதப் போனால் பாறையை நோக்கியே சாய்ந்து அதைக் கட்டிக்கொள்ளுங்கள். விலகச் சாய்வதுதான் ஆபத்து.

படகை விட்டுவிட்டால் மல்லாந்து, கால்விரல்கள் மேலே தெரிய, பாதத்தை ஓட்டத்தின் திசைக்கு நீட்டி மிதந்து போங்கள். முழங்காலுக்கு மேல் ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்காதீர்கள். பாதம் பாறை இடுக்கில் மாட்டினால் நீரே உங்களைக் குப்புறத் தள்ளி அழுத்தும். எதிரே சாய்ந்த மரம் வந்து, விலகிப் போக முடியாவிட்டால் மட்டும் இதற்கு விலக்கு: குப்புறத் திரும்பி, தலை முன்னாக அதை நோக்கி வேகமாக நீந்தி, மேலே ஏறிவிடுங்கள்.

மூன்று பேருக்குக் குறைந்து இறங்காதீர்கள். ஒருவரிடமாவது 15 முதல் 20 மீட்டர் வீச்சுக்கயிறு இருக்கட்டும். அதை யாரும் உடம்பில் கட்டிக்கொள்ளக் கூடாது. ஒரு விசில் என்றால் 'இங்கே பார்', மூன்று என்றால் 'ஆபத்து'.

மதுரையிலிருந்து திண்டுக்கல், பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போய் அங்கிருந்து கோழிக்கோட்டுக்குத் திரும்பலாம். மழைக்கால ஆற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்குவதைத் தள்ளிப்போடுங்கள். ஊர் திரும்பி மூன்று நான்கு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஆற்றில் இறங்கியதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.