தமிழ் தெரியாத பிள்ளை ஜூலையில் வந்து சேர்ந்தால்

திருப்பூரில் பள்ளிச் சேர்க்கை ஜூனோடு முடிவதில்லை. பனியன் கம்பெனிக்கு ஆள் வந்து இறங்கும்போதெல்லாம் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளை வரும். ஜூலை நடுவில் ஒரு புதன்கிழமை, செக்கிங் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஓர் அப்பா பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். இருவருக்கும் தமிழ் தெரியாது. நமக்கு அவர்கள் பேச்சு தெரியாது. அரசுத் தொடக்கப்பள்ளியில் பதினாலு வருடமாக மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். முதல் நாலைந்து வருடம் இந்த விஷயத்தில் நான் செய்ததில் பாதி தப்பு. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் டீச்சர்களுக்காக அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். டி.சி. ஊரில் இருக்கிறது, பிறப்புச் சான்று இல்லை என்று அப்பா கையை விரிப்பார். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி டி.சி. வரத் தாமதம் என்றோ, வயதுச் சான்று இல்லை என்றோ சேர்க்கையை மறுக்க முடியாது. அதே சட்டம் வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைக்கவும் சொல்கிறது. ‘அ, ஆவே தெரியாதே’ என்று ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியை ஒன்றாம் வகுப்பில் போடச் சொன்னது நான்தான். சின்னப் பிள்ளைகள் நடுவில் ஒட்டகம் மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதத்தில் நின்றுவிட்டாள். தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் என்று லைன் வீட்டில் பக்கத்துக் குடித்தனக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு வயதைத்தான் பார்க்கிறேன்.

அடுத்தது மொழி. ‘வீட்டில் என்ன பேசுவீர்கள்’ என்று கேட்டால் வடக்கிலிருந்து வந்த யாரும் ‘ஹிந்தி’ என்றுதான் சொல்வார்கள். சொன்னால் நமக்குப் புரியும் பெயர் அது ஒன்றுதான் என்று அவர்களுக்குத் தெரியும். பீகார்க்காரர் வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ மகஹியோ இருக்கலாம். ஒடிசாக்காரப் பையனையும் நம் ஊரில் ‘ஹிந்திக்காரன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவனுக்கு ஹிந்தியும் அரைகுறைதான். அதனால் கேள்வியை மாற்றுங்கள்: எந்த மாவட்டம், பாட்டியோடு எதில் பேசுவான்?

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பல்லால். சுந்தர்கட் மாவட்டத்திலிருந்து ஒரு பையன், ரூர்கேலா பக்கம். பதிவேட்டில் தாய்மொழி ஹிந்தி என்று எழுதியிருந்தேன். பல் பரிசோதனைக்கு டாக்டர் வந்த அன்று தன் வாயைக் காட்டி ‘பல்’ என்றான். அடடா, தமிழ் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். கண்ணைத் தொட்டுக் காட்டினேன், தொண்டையிலிருந்து காற்றோடு ‘ஃகன்’ என்றான். நான், நீ என்று சைகை காட்டினால் ‘ஏன், நீன்’ என்கிறான். சாயந்திரம் அவன் அப்பாவிடம் ஃபோனில் கேட்டபோதுதான் வீட்டுப் பேச்சு குடுக் என்றார். ஒராவ் பழங்குடிகளின் மொழி, தமிழ் மாதிரியே திராவிட மொழிக் குடும்பம். நம் மொழிக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று ரயிலேறி வந்து என் வகுப்பில் மூன்று வாரமாக ‘மொழி தெரியாத பிள்ளை’யாக உட்கார்ந்திருக்கிறது! மறுநாள் கரும்பலகையில் அவன் சொல்லையும் நம் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். வகுப்பே அவனிடம் ‘மூக்குக்கு என்னடா, காதுக்கு என்னடா’ என்று மொய்த்தது.

குடுக் பிள்ளை எல்லோருக்கும் கிடைக்காது, சரி. ஹிந்திப் பிள்ளையிடம் பாடசாலை-பாட்சாலா, புத்தகம்-புஸ்தக், ஆகாயம்-ஆகாஷ், நதி-நதீ என்று தொடங்குங்கள். முதல் நாளிலேயே நாலு தமிழ்ச் சொல் தனக்குத் தெரியும் என்று வீட்டுக்குப் போகட்டும். நீங்களும் அவர்கள் சொல் இருபதாவது கற்றுக்கொள்ளுங்கள்: தண்ணீர், பாத்ரூம், வயிற்றுவலி, பயப்படாதே. நான் இந்தப் பட்டியல் இல்லாமல் இருந்த வருடம், ஒரு பிள்ளை பாத்ரூம் போகக் கேட்கத் தெரியாமல் பெஞ்சிலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. பட்டியலை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பெயரை வாயில் சரியாகச் சொல்லப் பழகுங்கள். வடக்கே பெண் குழந்தைகளுக்கு பொம்மை என்று பொருள்படும் ஒரு செல்லப்பெயர் உண்டு. நம் எழுத்தில் எழுதினால் ‘குடியா’ என்று வரும். வருகைப் பதிவேட்டில் நான் அதை வாசித்த அன்று வகுப்பு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சாராயக் கடை ஞாபகம் அவர்களுக்கு. முதலிலேயே ‘இவள் பெயருக்கு பொம்மை என்று அர்த்தம்’ என்று சொல்லி, ‘கு’வை மென்மையாக உச்சரித்துக் காட்டியிருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்காது. அப்புறம் இனிஷியல். குமார், குமாரி, தேவி எல்லாம் அப்பா பெயரா என்று குழம்பி எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேடு) ஏதோ ஒன்றைப் போட்டுவிடாதீர்கள். ஆதாரில் உள்ளபடியே போடுங்கள், பின்னால் திருத்த அலைவது அந்த அப்பாதான், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு.

இனி முக்கியமானது: பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இரண்டு மாதம், மூன்று மாதம் வாயே திறக்காத பிள்ளைகள் உண்டு. காது வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ‘கதவைச் சாத்து’, ‘சாக்பீஸ் கொண்டு வா’ என்று வேலை சொல்லுங்கள், செய்தால் புரிகிறது என்று அர்த்தம். ஓர் ஒடிசாப் பையன் காலாண்டுத் தேர்வு வரை ஊமை மாதிரி இருந்தான். அவன் முதல் தமிழ் வாக்கியம்: ‘டீச்சர், இவன் என் ரப்பர் எடுத்துட்டான்.’ வணக்கத்தில் எவனும் பேச ஆரம்பிப்பதில்லை, புகாரில்தான் ஆரம்பிக்கிறான்.

பேச ஆரம்பித்ததும் ‘டீச்சர், நீ வா’ என்பான். மரியாதை தெரியாத பிள்ளை என்று முகம் சுளிக்க வேண்டாம். ஹிந்தியில் ஆப், தும், தூ என்று நம்மைவிட ஒரு படி கூடவே மரியாதை இருக்கிறது. அவன் தமிழ் கற்றது தெருவில், அங்கே எல்லாம் வா, போ. நம் கொங்கு வழக்கம் இங்கே கை கொடுக்கும். நீங்கள் அவனிடம் ‘வாங்க கண்ணு, உட்காருங்க’ என்று பேசுங்கள், ஒரு மாதத்தில் ‘ங்க’ அவன் வாயில் ஒட்டிக்கொள்ளும்.

எழுத்தில் எங்கே தடுக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஹிந்தியில் எ, ஒ என்ற குறில் இல்லை. அதனால் ‘என் அம்மா’வை ‘ஏன் அம்மா’ என்பார்கள். இதற்கு இலக்கணம் நடத்த வேண்டாம். கொடு-கோடு, பெட்டி-பேட்டி, தொடு-தோடு என்று படஅட்டை வைத்து விளையாடினால் போதும். இன்னொன்று, ‘க’ ஒரே எழுத்து, பல ஒலி. அவர்களுக்கு அதற்கு நாலு எழுத்து. பக்கம், பகல், பங்கு மூன்றையும் சொல்லிக் காட்டி, இரட்டித்தால் அழுத்தம், நடுவில் தனியாக வந்தால் மென்மை, ங்-க்குப் பின்னால் வேறு மாதிரி என்று காதால் பழக்குங்கள். வங்காளப் பிள்ளை ‘வா’வை ஆங்கில பி போல ஒலித்து ‘பா’ என்பாள், பழகட்டும். அதே பிள்ளைக்கும் ஒடியா பிள்ளைக்கும் ஒரு லாபம் உண்டு: கொம்பு எழுத்துக்கு முன்னால் வருவது அவர்கள் எழுத்திலும் இருக்கிறது. ஊரில் கொஞ்சம் படித்துவிட்டு வந்த பிள்ளை கெ, கொ இரண்டையும் நம் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ழ-வை விட்டுவிடுங்கள். நம் பிள்ளைகளுக்கே ‘வாளைப்பளம்’தான்.

‘நேத்து’, ‘நாளைக்கு’ மாறி மாறி வந்தாலும் பொய் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். ஹிந்தியில் இரண்டுக்கும் ‘கல்’ என்ற ஒரே சொல்தான். கணக்கில் கவலை குறைவு. ஹிந்தியில் நூறு வரை ஒவ்வொரு எண்ணுக்கும் ஏறக்குறையத் தனிப் பெயர், நம் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு அவர்களுக்கு ஓய்வு மாதிரி.

சாப்பாடு. வடக்கு என்றாலே சப்பாத்தி என்று நாமாக முடிவு கட்டிக்கொள்கிறோம். ஒடிசா, வங்காளம், பீகார் மூன்றிலும் சோறுதான் பெரிது. ஒடிசாவில் ‘பகாள’ என்று சாப்பிடுவது நம் பழைய சோறேதான். பீகாரின் ‘சத்து’ வறுத்த கடலை மாவு. இதையெல்லாம் சத்துணவு அக்காவிடம் ஒரு நாள் சொன்னேன், அன்றிலிருந்து ‘ஏஞ்சாமி, உங்க ஊர்ல ஊறுகாய் உண்டா’ என்று அவரே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். காலை உணவில் உப்புமாவைத் தொடாத பிள்ளைகள் எல்லா மாநிலத்திலும் உண்டு, அதை மொழிப் பிரச்சனை ஆக்க வேண்டாம். கடுகெண்ணெய் தடவிய தலைதான் வகுப்பில் சண்டையைக் கிளப்பும். மூக்கைப் பிடித்தவனிடம் ‘உங்க அப்பத்தா விளக்கெண்ணெய் தேய்ப்பாங்களே, அது என்ன மல்லிகைப்பூ வாசமா?’ என்று கேட்டேன். சிரித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டான்.

இந்தப் பிள்ளைகளில் தமிழ் சீக்கிரம் வந்துவிட்ட பெரிய பெண்ணை எல்லா வகுப்புக்கும் மொழிபெயர்க்க இழுக்காதீர்கள். ஒரு வருடம் முழுக்க அப்படி ஒருத்தியை நான் ஓட வைத்தேன். அவள் பாடம் போனது.

பெற்றோர் கூட்டத்தை வேலை நாள் மதியம் வைத்துவிட்டு ‘அவங்களுக்கு அக்கறை இல்லை’ என்று பேசுவது நம் பழக்கம். ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரைக்கு வெளியே வருகிறவர் எப்படி வருவார்? சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு காலை லைன் வீட்டில் இருப்பார்கள். நான் போகிறேன், டீ கொடுப்பார்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அந்தப் பத்து நிமிடத்தில் கேட்க வேண்டிய கேள்வி, ஊருக்கு எப்போது போகிறீர்கள் என்பது. தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சட் பூஜை, பீகார்க்காரர்களின் பெரிய பண்டிகை. பீகார்க் குடும்பம் தீபாவளி லீவில் கிளம்பினால் நாலு நாளில் திரும்பாது. மார்ச்சில் ஹோலி, ஆண்டுத் தேர்வுக்குப் பக்கத்தில். இரண்டு இரவு ரயிலில் போகிறவர்கள் இரண்டு நாளில் எப்படி வருவார்கள்? டிக்கெட் தேதியைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். பிள்ளை வரவில்லை என்றதும் அவசரப்பட்டு எமிஸில் காமன் பூலுக்கு, அதாவது பள்ளியை விட்டுப் போன பிள்ளைகளின் பட்டியலுக்கு, தள்ளிவிடாதீர்கள். போகும்போது தமிழ்ப் புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள், தொலைந்தால் தொலையட்டும். பெஞ்சில் அவன் இடத்தில் வேறு யாரையும் உட்கார வைக்காதீர்கள். போன நவம்பரில் ஒருவன் இருபத்திரண்டு நாள் கழித்து வந்தான். பை, புத்தகம், அதோடு ஒரு பொட்டலம் தேகுவா. சட் பூஜைக்குச் செய்யும் கோதுமைப் பலகாரம். பிரித்து வைத்துவிட்டு, ‘எடுத்துக்குங்க டீச்சர்’ என்றான்.